வளையலின் ஒரு துண்டு: முப்பரிமாண மார்பகப் படமும் கணினிப் பாவனையும்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம், கெலாங் பாத்தா, ஜொகூர்

மெமோகிராம் ஒரு நிழல். இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்தித் தட்டையாக்கிய மார்பகத்தின் வழியே எக்ஸ் கதிர் பாய்கிறது. மேலே உள்ளதும் நடுவில் உள்ளதும் அடியில் உள்ளதும் ஒரே தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. சுவரில் விழும் நிழலைப் பார்த்து, முன்னே நிற்பவர் யார், பின்னே நிற்பவர் யார் என்று சொல்ல முடியாது. மெமோகிராமிலும் அதே தொல்லைதான்.

நிழல் எவ்வளவு அடர்த்தியாக விழும் என்பதைத் திசு தீர்மானிக்கிறது. ஜான்ஸ், யாஃபி என்ற இருவர் 1987-இல் கனடாவில் மார்பகத் திசுக்களை அளந்து வெளியிட்ட எண்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிருக்கு, ஒரு சென்டிமீட்டருக்குரிய தடுப்புக் குணகம் கொழுப்பில் 0.456, சுரப்பித் திசுவில் 0.802, பாற்குழாயில் தோன்றிப் பரவிய புற்றில் 0.844. கொழுப்புக்கும் புற்றுக்கும் இடையே கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபாடு. சுரப்பிக்கும் புற்றுக்கும் இடையிலோ ஐந்து விழுக்காடுதான். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி பளிச்சென்று தெரிவதும், சுரப்பி அடர்ந்த மார்பகத்தில் அதே கட்டி ஒளிந்துகொள்வதும் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிய கதை. தேர்ந்த கதிரியல் மருத்துவரின் கண்கூட இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது.

நிழல்களைப் பிரித்தெடுக்க ஒரு வழி, விளக்கை நகர்த்துவது. கெலாங் பாத்தாவிலிருந்து கூலாய் நோக்கிக் காரில் போகும்போது சாலையோரச் செம்பனை மரங்கள் விரைந்து பின்னோக்கி ஓடுகின்றன; தொலைவில் நிற்கும் குனோங் பூலாய் மலை மெல்ல நகர்கிறது. எது எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை வைத்தே எது அருகில், எது தொலைவில் என்று கண் கணக்கிட்டுக்கொள்கிறது. டோமோசிந்தசிஸ் எனப்படும் முப்பரிமாண மார்பகப் படம் செய்வதும் அதுவே. எக்ஸ்-ரே குழாய் மார்பகத்துக்கு மேலே ஒரு வில்லாக நகர்ந்தபடி குறைந்த கதிரில் பல படங்கள் எடுக்கிறது. உயரத்தில் உள்ள பொருளின் நிழல் படத்துக்குப் படம் அதிகமாக இடம்பெயரும். அடியில் உள்ளதன் நிழல் குறைவாக இடம்பெயரும். இந்தப் பெயர்ச்சியைக் கணக்கிட்டு, கணினி மார்பகத்தை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைத்தளச் சீவல்களாகப் பிரித்துத் தருகிறது.

கெலாங் பாத்தா என்ற மலாய்ப் பெயருக்கு முறிந்த வளையல் என்று பொருள். முப்பரிமாண மார்பகப் படத்தின் வலிமையையும் குறையையும் அந்தப் பெயரிலேயே சொல்லிவிடலாம். சிடி ஸ்கேனில் குழாய் உடலைச் சுற்றி முழு வட்டம் அடிக்கிறது. அது முழு வளையல். டோமோசிந்தசிஸில் குழாய் சுற்றுவது வளையலின் ஒரு துண்டு மட்டுமே. முழுச் சுற்றின் செய்தி இல்லாததால் ஆழத்தைத் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. ஒரு சீவலில் உள்ள சுண்ணாம்புத் துகள், மேலும் கீழும் உள்ள சீவல்களில் மங்கலான ஆவிபோல மீண்டும் மீண்டும் தோன்றும்.

இதன் வரலாறு நீளமானது. நெதர்லாந்தின் சீட்செஸ் டெஸ் பிளான்டெஸ் 1930-களிலேயே அடிப்படையை வகுத்தார். டோமோசிந்தசிஸ் என்ற சொல் 1972-இல் கிராண்ட் என்பவர் எழுதிய கட்டுரையில் வந்தது. மின்னணு உணர்பலகை வரும்வரை மார்பகத்துக்கு அது பயன்படவில்லை. 1997-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நிக்லாசன், கோபன்ஸ் குழுவினர் மார்பக டோமோசிந்தசிஸை விளக்கிக் காட்டினர். சங்கரராமன் சூரியநாராயணன், ஆண்ட்ரூ கரெல்லாஸ், சீனிவாசன் வேதாந்தம் முதலியோர் 2000-இல் வெவ்வேறு மறுகட்டமைப்பு முறைகளை ஒப்பிட்டனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதல் கருவிக்கு 2011 பிப்ரவரியில் ஒப்புதல் வழங்கியது.

ஒப்புதல் பெற்ற கருவிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஹோலாஜிக் கருவி 15 பாகை வில்லில் 15 படம் எடுக்கிறது. ஜிஇ கருவி 25 பாகையில் 9 படம். சீமென்ஸ் கருவி 50 பாகையில் 25 படம். ஒரே வேலைக்கு மூன்று நிறுவனங்கள் மூன்று விதமான விடை கண்டிருக்கின்றன. வில் அகலமானால் ஆழம் நன்றாகப் பிரியும், மறைந்த கட்டிகள் வெளிப்படும். ஆனால் படமெடுக்கும் நேரம் நீளும், பெண் மூச்சுவிடும் சிறு அசைவிலும் நுண்துகள்கள் மங்கும். படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், அதே மொத்தக் கதிரை அத்தனை பங்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் இரைச்சல் மிகும். குழாய் ஓடிக்கொண்டே படமெடுப்பதா, நின்று நின்று எடுப்பதா என்பது இன்னொரு கேள்வி. சிதறும் கதிரைத் தடுக்கும் கம்பித் தடுப்பை வைப்பதா, எடுத்துவிடுவதா என்பது மற்றொன்று. இவற்றோடு குழாயின் மின்னழுத்தம், வடிகட்டி உலோகம், சீவல்களைக் கட்டியெழுப்பும் கணக்குமுறை எல்லாம் சேர்ந்தால், தேர்வுகள் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன.

எந்தத் தேர்வு நல்லது என்று பெண்களை வைத்தே சோதிக்கலாம் என்றால், முதல் தடை எண்ணிக்கை. நோய் அறிகுறி இல்லாத பெண்களைச் சோதிக்கும்போது ஆயிரத்தில் ஆறு, ஏழு பேரிடமே புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. நூறு புற்றுகளைச் சேர்க்கவே பதினைந்தாயிரம் பெண்கள் வேண்டும். ஃபிலிம் மெமோகிராமையும் டிஜிட்டல் மெமோகிராமையும் ஒப்பிட்டு 2005-இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 49,528 பெண்கள் பங்கேற்றனர். டோமோசிந்தசிஸுக்காக 2017-இல் தொடங்கிய டிமிஸ்ட் ஆய்வு 165,000 பேரை இலக்காக வைத்துப் பின்னர் அதைக் குறைத்துக்கொண்டது. முடிவு வருவதற்குள் ஆய்வில் பயன்பட்ட கருவியே பழைய மாடலாகிவிடுகிறது. இரண்டாம் தடை அறம். ஒரே பெண்ணை 15 பாகையில் ஒருமுறை, 25 பாகையில் ஒருமுறை, 50 பாகையில் ஒருமுறை என்று கதிருக்கு உட்படுத்த எந்த ஆய்வு நெறிக்குழுவும் இசையாது. மூன்றாவது தடை அதிகம் பேசப்படுவதில்லை. உண்மையான பெண்ணிடம் உண்மை என்னவென்று முழுமையாகத் தெரியாது. படத்தில் எதுவும் தெரியவில்லை என்றால், அங்கே எதுவும் இல்லையா, இருந்தும் தென்படவில்லையா? பயாப்சியும் ஓராண்டுக் கண்காணிப்பும் ஓரளவே விடை சொல்லும்.

கணினிப் பாவனை, ஆய்வாளர் பேச்சில் சிமுலேஷன், இந்த மூன்று தடைகளையும் ஒரே பாய்ச்சலில் தாண்டுகிறது. கணினிக்குள் உள்ள மார்பகத்துக்குக் கதிரால் கேடில்லை. எத்தனை முறையும் படமெடுக்கலாம். கட்டியை வைத்ததே ஆய்வாளர் என்பதால் அது எங்கே, எவ்வளவு பெரியது என்பதில் ஐயமில்லை.

பாவனையின் இதயம் மான்டே கார்லோ முறை. 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் ஸ்தானிஸ்லாவ் உலாம், தனியாளாக ஆடும் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். சூத்திரம் கைகொடுக்கவில்லை. நூறு முறை ஆடிப் பார்த்து எத்தனை முறை வென்றது என்று எண்ணுவதே எளிது என்று தோன்றியது. அந்த எண்ணம் அணுகுண்டு ஆய்வகத்தில் நியூட்ரான்களைக் கணக்கிடும் முறையாகி, மொனாக்கோவின் சூதாட்ட விடுதியின் பெயரையும் பெற்றது. பெயர் வைத்தவர் மலேசியராக இருந்திருந்தால் கெந்திங் முறை என்றிருக்கும்.

எக்ஸ் கதிருக்கு அது பொருந்துவது இப்படி. குழாயிலிருந்து ஒரு ஃபோட்டான் புறப்படுகிறது. எவ்வளவு தொலைவு மோதாமல் போகும் என்பதற்குக் கணினி ஒரு தாயக்கட்டை உருட்டுகிறது. மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று: அணு அதை முழுதாக விழுங்கலாம், ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து அது திசைமாறலாம், ஆற்றல் குறையாமல் சற்றே விலகிப் போகலாம். ஒவ்வொன்றின் வாய்ப்பையும் இயற்பியல் அட்டவணைகள் சொல்கின்றன. உணர்பலகையை அடையும்வரை, அல்லது வழியில் அழியும்வரை, இந்த உருட்டல் தொடர்கிறது. 24க்கு 30 சென்டிமீட்டர் பலகையில் 85 மைக்ரான் அகலமுள்ள படப்புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு கோடி. ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் ஃபோட்டான்களாவது விழ வேண்டும். ஆக, ஒரே ஒரு படத்துக்கு ஆயிரம் கோடிக் கணக்கில் தாயம் உருட்ட வேண்டியிருக்கிறது. வீடியோ விளையாட்டுக்காக உருவான கிராபிக்ஸ் சில்லுகள் இங்கே கைகொடுத்தன. ஃபோட்டான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. ஆயிரக்கணக்கானவற்றை ஒரே நேரத்தில் தொடரலாம். ஆண்ட்ரூ படால், ஆல்டோ படானோ இருவரும் 2009-இல் வெளியிட்ட நிரல், சாதாரணச் செயலியின் ஒற்றை உள்ளகத்தைவிட 27 மடங்கு விரைவாக ஓடியது.

இந்த முறை மெமோகிராமுக்குப் புதிதன்று. ஒரு மெமோகிராமில் சுரப்பித் திசு எவ்வளவு கதிரை வாங்குகிறது என்பதை உள்ளே கருவி வைத்து அளக்க முடியாது. வெளியே அளந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கியே உள்ளே சென்ற கதிர் மில்லிகிரே அலகில் கணக்கிடப்படுகிறது. பிரிட்டனின் டேவிட் டான்ஸ் 1990-இல் தந்த காரணிகளும், அவரே யங், வான் எங்கன் ஆகியோருடன் 2011-இல் டோமோசிந்தசிஸுக்காகத் தந்த கூடுதல் காரணிகளும் மான்டே கார்லோவில் பிறந்தவை. மார்பகப் படக் கூடங்கள் பதிவுசெய்யும் கதிர் அளவுக்குப் பின்னால் என்றோ ஓடிய ஒரு பாவனை இருக்கிறது.

ஒரு பாடமும் அங்கேயே கிடைத்தது. நெடுங்காலம் அளவீட்டில் பாதி சுரப்பி, பாதி கொழுப்பு என்ற மாதிரி மார்பகமே எடுத்துக்கொள்ளப்பட்டது. சொல்வதற்கு எளிது, பிளாஸ்டிக்கில் வார்ப்பதற்கும் எளிது. மார்ட்டின் யாஃபி குழுவினர் 2009-இல் உண்மையான பெண்களின் படங்களை அளந்து, 95 விழுக்காட்டினரிடம் சுரப்பியின் பங்கு 45 விழுக்காட்டுக்கும் கீழே என்று காட்டினர். பாதிக்குப் பாதி மார்பகம் ஒரு கட்டுக்கதை என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினர். தாயம் பிசகவில்லை, இயற்பியல் பிசகவில்லை. தொடக்கத்தில் வைத்த மார்பகம் மட்டுமே யாருடையதும் இல்லாததாக இருந்தது.

கருவி வடிவமைப்பில் பாவனை எப்படி உதவியது என்பதற்குச் செக்கோப்பூலோஸ், கெட்டி இருவரின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு நல்ல சான்று. வில்லின் அகலம், படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றி மாற்றி 63 அமைப்புகளைக் கணினியில் ஒப்பிட்டார்கள். 60 பாகையில் 13 படங்கள் என்ற அமைப்பு ஒட்டுமொத்தமாகச் சிறந்து நின்றது. 63 கருவிகளைச் செய்து பார்க்க எந்த நிறுவனத்திடமும் பணமிருக்காது. பென்சில்வேனியாவில் பாகிச், மெய்ட்மென்ட் குழுவும் டியூக் பல்கலைக்கழகத்தில் சமேய் குழுவும் இதே வழியில் தங்கள் மாய நோயாளிகளை உருவாக்கினர்.

இவற்றின் உச்சம் விக்டர் எனப்படும் ஆய்வு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வகத்தில் ஆல்டோ படானோ தலைமையில் நடந்து, 2018 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் திறந்த இதழில் வெளியானது. மெமோகிராமுக்கு மாற்றாக டோமோசிந்தசிஸை வைக்கலாமா என்ற கேள்வியை, ஒரு பெண்ணைக்கூடப் படமெடுக்காமல் விடுவிக்க முடியுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். கேள்விக்கு விடை முன்பே தெரியும். நூற்றுக்கணக்கான பெண்களையும் பல கதிரியல் மருத்துவர்களையும் கொண்டு நடந்த மெய்யான ஆய்வு ஒன்று ஒப்புதலுக்காக ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. கணினி அதே விடையைத் தருகிறதா என்பதே சோதனை.

முதலில் மார்பகங்கள். கிறிஸ்டியன் கிராஃப் எழுதிய நிரல், தோல், கொழுப்பு, சுரப்பி மடல்கள், பாற்குழாய்கள், இரத்தக் குழாய்கள், தசைநார்கள் எல்லாவற்றையும் விதிகளின்படி தற்செயல் கலந்து வளர்க்கிறது. ஒரு மார்பகம் போல இன்னொன்று இராது. வளர்ந்த மார்பகத்தை மெய்யான கருவியில் போலவே தகடுகளுக்கு நடுவே அழுத்த வேண்டும். அதற்குப் பொறியியலார் பாலங்களுக்குப் பயன்படுத்தும் வகைக் கணக்குமுறையைக் கையாண்டார்கள். இப்படி 2,986 மாயப் பெண்கள் உருவாயினர். அழுத்திய கனம் 3.5 முதல் 6 சென்டிமீட்டர்வரை; கொழுப்பு மிகுந்தவர், சுரப்பி அடர்ந்தவர் எல்லாரும் மக்கள்தொகையில் உள்ள விகிதத்தில் இருந்தனர். சிலரிடம் முள்விட்ட கட்டிகளும் சுண்ணாம்புத் துகள் கூட்டங்களும் பதிக்கப்பட்டன. படமெடுத்தது சீமென்ஸ் கருவியின் கணினி நகல். படங்களைப் படித்ததும் மனிதரல்லர். படத்தில் புற்று இருப்பதற்கான சான்றை எண்ணாக மாற்றும் கணிதப் பார்வையாளர்.

விடையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. நோயுள்ள படம் ஒன்றையும் நோயற்ற படம் ஒன்றையும் முன்னால் வைத்து, எதில் நோய் என்று கேட்டால் சரியாகச் சொல்லும் வாய்ப்பே அங்கே அளவுகோல். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 0.5, ஒருபோதும் தவறாவிட்டால் 1. டோமோசிந்தசிஸ் இந்த எண்ணை சராசரியாக 0.0587 உயர்த்தியது. கட்டிகளில் உயர்வு 0.0903, சுண்ணாம்புத் துகள்களில் 0.0268 மட்டுமே. நிழல்கள் பிரிவதால் கட்டிக்கு ஆதாயம் மிகுதி. துகளோ தன் கூர்மையாலேயே ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தது. மெய்யான ஆய்வின் போக்கோடு இது ஒத்துப்போனது. நிரல்கள் அனைத்தும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டன.

இதை வைத்துக்கொண்டு மெய்யான ஆய்வுகளே தேவையில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். கணிதப் பார்வையாளருக்குக் கட்டி இருக்கக்கூடிய இடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மருத்துவரோ முழு மார்பகத்தையும் துழாவித் தேடுகிறார். மாயப் பெண்ணுக்குப் பழைய அறுவையின் தழும்பு இல்லை, நீர்க்கட்டி இல்லை, வலியில் அசைவதும் இல்லை. மெய்யான உலகமும் ஒரே குரலில் பேசுவதில்லை. சுவீடனின் மால்மோவில் 50 பாகைக் கருவியால் 14,848 பெண்களைச் சோதித்தபோது ஆயிரத்துக்கு 8.7 புற்றுகள் தென்பட்டன, மெமோகிராமில் 6.5. நார்வேயின் பெர்கனில் 25 பாகைக் கருவியால் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் டோமோசிந்தசிஸுக்கு 6.6, மெமோகிராமுக்கு 6.1, வேறுபாடு பொருட்படுத்தும் அளவில் இல்லை. வில்லின் அகலம்தான் காரணமா, படிக்கும் முறையா, முன்பே பலமுறை சோதிக்கப்பட்ட மக்களா என்று மெய்யான ஆய்வுகளை வைத்துப் பிரித்தறிவது கடினம். மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து வில்லை மட்டும் மாற்றிப் பார்க்கும் வசதி பாவனைக்கு மட்டுமே உண்டு.

மலேசியாவுக்கு இதில் என்ன வேலை? நாடு தழுவிய, எல்லாப் பெண்களையும் அழைத்துச் செய்யும் மெமோகிராம் திட்டம் இங்கே இல்லை. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் உதவித்தொகைத் திட்டமும், கிளினிக்கில் யாராவது சொல்லி அனுப்புவதுமாகவே சோதனை நடக்கிறது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, வயது வேறுபாட்டைச் சரிசெய்தபின், நூறாயிரம் பெண்களில் ஆண்டுதோறும் சீனர்களில் 40.7 பேருக்கும் இந்தியர்களில் 38.1 பேருக்கும் மலாய்க்காரர்களில் 31.5 பேருக்கும் மார்பகப் புற்று வருகிறது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் தெரியவரும்போது அது மூன்றாம், நான்காம் கட்டத்தை எட்டியிருக்கிறது. இந்தத் தாமதத்தில் படக்கருவியின் பங்கு சிறிது. அச்சத்துக்கும் தொலைவுக்கும் வேலைநேரத்துக்கும் பங்கு பெரிது. அதைக் கணினி தீர்க்காது.

ஆனால் படமெடுக்கும் நாளில் எந்த அமைப்பில் எடுப்பது என்பதைக் கணினி சொல்லலாம், மார்பகம் இந்த மண்ணினுடையதாக இருந்தால். நோரியா ஜமால், இங் குவான் ஹூங் முதலியோர் மலேசியப் பெண்களின் மார்பகச் சுரப்பி விகிதத்தைக் கதிர்ப்படத் தரவுகளிலிருந்து கணக்கிட்டு 2004-இல் வெளியிட்டனர். நாடியா ராஜாராம், ஷிவானி மாரியப்பன் முதலியோர் 2017-இல் மலேசியப் பெண்களையும் சுவீடன் பெண்களையும் ஒப்பிட்டனர். ஆசியப் பெண்களின் மார்பகம் பொதுவாகச் சிறியது. கொழுப்பின் பருமன் குறைவு என்பதால் சுரப்பியின் விழுக்காடு உயர்ந்து தெரிகிறது. அடர்ந்த, மெல்லிய மார்பகத்தில் சிதறும் கதிரும் குறைவு, நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் முறையும் வேறு. அமெரிக்க மக்கள்தொகையின் விகிதத்தில் வளர்த்த 2,986 பேர் சொன்ன விடை கூலாயிலோ பொந்தியானிலோ அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது, பாதிக்குப் பாதி மார்பகத்தின் கதையை மீண்டும் எழுதுவதாகும். படம் படிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விக்டர் குழுவினரே 2023-இல், அத்தகைய மென்பொருள்களை வெவ்வேறு அடர்த்தியிலும் கதிர் அளவிலும் சோதிப்பதற்கென்று மாய மெமோகிராம்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர்.

கருவியும் நிரலும் தடையில்லை. கெலாங் பாத்தாவை ஒட்டிய எடுசிட்டியில் 2011-இலிருந்து நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது; பொறியியல் கற்பிக்கும் சவுத்தாம்டன் பல்கலைக்கழகக் கிளையும் இந்த வட்டாரத்திலேயே உள்ளது. நல்ல கிராபிக்ஸ் அட்டைகள் பொருத்திய சில கணினிகள் தொடக்க ஆய்வுக்குப் போதும். தேவையான அளவுகளைத் திரட்டப் புதிதாக ஒரு பெண்ணையும் கதிர்முன் நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு டிஜிட்டல் மெமோகிராமின் கோப்புத் தலைப்பிலும் அழுத்திய கனம், அழுத்து விசை, குழாய் மின்னழுத்தம், செலுத்திய கதிர், பெண்ணின் வயது ஆகியவை படமெடுத்த அன்றே பதிவாகிவிடுகின்றன. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிட்டு அவற்றை வட்டாரவாரியாகத் தொகுத்தால், கிராஃப் நிரலுக்கு முதலில் கொடுக்க வேண்டிய எண்களில் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கும்.